மூடித் திறக்கும் வேலி

வாடகைக்கு வீடு விட்டவர்களுக்கென்று தனியாக ஓர் அகராதி இருக்கிறது. குழாய் ஒழுகினால் 'பார்க்கலாம்'. கூரை ஒழுகினால் 'மழை நிக்கட்டும், பார்க்கலாம்'. சுவரில் விரிசல் விட்டால் 'நீங்க வரும்போதே அப்படித்தானே இருந்துச்சு'. மாஸ்டருக்கு இது முழுக்க மனப்பாடம், ஏனென்றால் அவரே இன்னொருவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர். சொந்த வீடு ஊரின் அந்தக் கோடியில். வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் இந்தக் கோடியில். விடிவதற்குள் மாணவர்கள் வந்து நிற்பார்கள் என்பதால் பக்கத்திலேயே ஒரு மாடி வீட்டைப் பிடித்துக் குடியிருந்துகொண்டு, சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். தன் வீட்டுக்காரர் 'பார்க்கலாம்' என்று சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்தே அன்று காலை அந்த வார்த்தை வந்தது.

"மாஸ்டர், வேலி மறுபடியும் பேந்துடுச்சு" என்றாள் போனில் அவர் வீட்டில் குடியிருக்கும் பெண்.

"காத்தா இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கலாம்."

போனை வைத்தபிறகுதான் காதில் விழுந்தது. மனைவிக்கும் விழுந்திருந்தது. "ஆகா, வீட்டுக்காரரே" என்றாள் அவள், சட்டி கழுவிக்கொண்டே.

ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, ஆக்சிலேட்டர் கிடையாது. இத்தனை வருஷம் பிரேக் மட்டும் உள்ள இடத்தில் உட்கார்ந்த மனுஷருக்கு வீட்டிலும் அதே குணம் ஒட்டிக்கொண்டது. திரைச்சீலை மாற்றலாமா என்றால் பிரேக். மச்சான் சேர்ந்து தொழில் பண்ணலாமா என்றால் இன்னும் அழுத்தமாகப் பிரேக். "உங்க காலைக் கட்டிப் போட்டாத்தான் இந்தக் குடும்பம் நகரும்" என்பாள் மனைவி. அவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

வேலியை ஏற்கெனவே இரண்டு முறை சரி செய்தாகிவிட்டது. முதல் முறை நாலு ஆணி. இரண்டாவது முறை குறுக்கே ஒரு கட்டையும் சேர்த்து ஆணி. மூன்றாவது முறையும் அதே இடம் என்றதும் அவருக்கு உறுத்தியது. காற்று அடித்தால் வேலி முழுக்க அடிக்க வேண்டும். குறி பார்த்து நடுவில் இருக்கும் இரண்டு பலகையை மட்டும் பெயர்க்கிற காற்று எந்த ஊரில் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். பின்முற்றத்துக்கு இரண்டு பக்கம் செங்கல் சுவர். முன்பக்கம் போகிற சந்தில் பூட்டுப் போட்ட கதவு. நாலாவது பக்கம்தான் இந்த மரவேலி. அதற்கு அந்தப்புறம் தையலக்காவின் முற்றம். அந்தத் தெருவுக்கே துணி தைத்துக் கொடுப்பவள் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் தையலக்கா. அவளுடைய மெஷின் இருக்கும் ஜன்னல் வேலியைப் பார்த்தபடி இருக்கும்.

பெயர்ந்த இரண்டு பலகைகளும் கீழே கிடக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மரியாதை தெரிந்த காற்று.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது" என்றாள் குடியிருக்கும் பெண். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசியைக் கையில் பிடித்தால் ஆடாத கை, இப்போது துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா."

"காத்து இல்ல. அப்பாதான்."

அப்பா முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தொட்டு வாரிய தலை, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அடுத்த ஷிஃப்ட் ஆளா நீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரையும் அப்படித்தான் கேக்கறார். என்னையே சில நாள் கேக்கறார்" என்றாள் பெண்.

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. குடிவரும்போது லேசாக இருந்தது, இப்போது மகளின் பேர்கூட நிற்பதில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து மதியத்துக்குள் அவள் ஓடி வந்துவிடுவாள். அதுவரை தையலக்கா ஜன்னல் வழியாக ஒரு கண் வைத்துக்கொள்வாள். முற்றத்தை விட்டுப் போக வழி இல்லை என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் வண்டி ஓடியது. இப்போது பலகையைப் பிடுங்கிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறார். போன வாரம் தையலக்கா உள்ளே துணி அளந்துகொண்டிருந்த நேரம், அவளுடைய வாசல் கேட்டையும் திறந்துகொண்டு பெரிய ரோட்டுக்கே போய்விட்டார்.

"நடு ரோட்டுல நின்னு கையை நீட்டி வர்ற வண்டியையெல்லாம் நிறுத்தியிருக்கார் மாஸ்டர். ஒரு லாரிக்காரர்தான் கூட்டிட்டு வந்து விட்டார். அவர் பிரேக் பிடிக்காம இருந்திருந்தா..." அவள் குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியா இருக்காம். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுன்னாங்க. எனக்கு அனுப்ப மனசு இல்ல. ஆனா வேலைக்குப் போகாம இருக்கவும் முடியாது."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மாஸ்டர் கேட்கவில்லை. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவருக்கு அது தெரியும். வயசானவர், உடம்பு சரியில்லாதவர், சின்னக் குழந்தை என்று வாயைத் திறந்தால் சாவியை எடுத்து உள்ளே வைத்துவிடுகிற ஜாதி வீட்டுக்காரர்கள். அவள் காற்றின் மேல் பழியைப் போட்டதில் தப்பே இல்லை.

"இனிமே பேராம ஒரு வேலி போட்டுடலாம்மா. இல்லம் எல்லாம் எதுக்கு" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று வண்டியில் ஏறியபிறகுதான் புரிந்தது.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு வேலிப் பைத்தியம் பிடித்தது. பயிற்சி வண்டி ஓடும் வழியெல்லாம் அடுத்தவர் வீட்டு வேலிகளையே பார்த்தார். மாணவி இடதுபக்கம் திரும்பவா என்று கேட்டால், "அந்த சிமெண்ட் பலகை நல்லா இருக்குல்ல" என்றார். மரம் என்றால் எத்தனை கனமானாலும் பிடுங்கிவிடுவார். தகரம் போட்டால் கையைக் கிழிக்கும், காற்றில் கடகடவென்று தையலக்காவின் உயிரை எடுக்கும். கடைசியில் ஆள் உயரத்துக்குச் சிமெண்ட் பலகைச் சுவர் என்று முடிவு கட்டினார். தூணில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பலகையை மேலிருந்து இறக்குவது. யானை வந்தாலும் பிடுங்க முடியாது.

முடிவைச் சொல்லப் போன இடத்தில் தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"சுவர் வச்சுட்டா நான் எதைப் பாக்கறது? அந்தாளு உள்ளே விழுந்து கிடந்தாக்கூடத் தெரியாது. எனக்குக் காத்தும் வராது, வெளிச்சமும் வராது. நான் ஊசியில நூல் கோக்கறது எப்படி?"

"அக்கா, அவர் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டார்ல."

"யாரு தொந்தரவுன்னா? வந்து நிப்பார், பச்சைத் துணி இருக்கான்னு கேப்பார். ஒரு நாளைக்கு பத்து தடவை பச்சைத் துணி. நான் என்ன துணிக்கடையா வச்சிருக்கேன்னு கத்துவேன். அதுக்காக அவரைச் சுவருக்குள்ள வச்சுப் பூசச் சொல்லலையே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பார்க்கிற கண்ணை அடைத்துவிட்டு வேலி எவ்வளவு பலமாக இருந்து என்ன பயன்? ஆகவே இரும்புத் தூண் நட்டுக் கம்பி வலை என்று இறங்கி வந்தார். பார்க்கவும் முடியும், பிடுங்கவும் முடியாது. வெல்டர் வந்து பழைய மரத்தையெல்லாம் அப்புறப்படுத்தி, தூணுக்குத் தூண் வலையை இழுத்துக் கட்டினான். மாஸ்டர் தன் உடம்பு முழுக்கச் சாய்த்துத் தள்ளிப் பார்த்தார். வேலி அசையவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு முறை சொன்னார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. இந்தத் தடவை அவள் வேலி என்றே சொல்லவில்லை.

"அப்பா கையைக் கிழிச்சுக்கிட்டார், மாஸ்டர். வலையைப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்கியிருக்கார். தையலக்கா கத்தியும் விடல. நான் இல்லத்துக்கே சொல்லிடறேன். உங்களுக்கும் வீண் சிரமம்."

அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு முதலில் வந்தது நிம்மதி. தலைவலி விட்டது என்கிற நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. அன்றைக்கு இருந்த வகுப்புகளை இன்னொரு மாஸ்டரின் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினார்.

பெரியவர் அதே முக்காலியில் இருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளைத் துணிக் கட்டு. மகள் லேபுக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கண்ணெல்லாம் வீங்கி, கட்டுக்கு மருந்து வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போயிட்டு வாம்மா. நான் இருக்கேன்."

அவள் போனபின் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார், பெரியவர் பார்வை வேலியிலேயே இருந்தது. எதற்கு இந்த மனுஷர் வெளியே போகத் துடிக்கிறார், வெளியே என்னதான் இருக்கிறது என்று மாஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே எங்கோ ரயில் ஊதியது. காது கொடுத்தால்தான் கேட்கும், அவ்வளவு தூரம்.

பெரியவர் எழுந்தார். நோயாளி எழுந்திருக்கிற மாதிரி இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வேலைக்காரன் எழுந்திருக்கிற மாதிரி. நேராக வேலியின் நடுவுக்கு, பழைய பலகைகள் இருந்த அந்த இடத்துக்கே போனார். இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். வலது கையைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டினார். நீட்டிய கையில் எதுவும் இல்லை, ஆனால் விரல்கள் எதையோ சுருட்டிப் பிடித்திருந்தன. ரயில் சத்தம் தேய்ந்து மறையும் வரை அப்படியே நின்றார். அதன்பிறகு கட்டுப் போட்ட கைகளால் வலையைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தார்.

தள்ளவில்லை. இழுக்கவில்லை. தூக்கினார்.

"ஐயா, கை வலிக்கும், விடுங்க" என்று மாஸ்டர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"விடுங்க சார். வண்டி போயிடுச்சு. ஜனங்க நிக்கறாங்க. மாட்டிக்கிச்சு, தூக்க முடியல" என்றார் பெரியவர். அவர் நெற்றி வேர்த்திருந்தது. எத்தனையோ பேரைக் காக்க வைத்துவிட்ட தவிப்பு அந்த முகத்தில் இருந்தது.

மாஸ்டருக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இந்த நிற்பை அவர் எத்தனை தடவை பார்த்திருக்கிறார். புதிதாக ஓட்டக் கற்பவர்களை ரயில்வே கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது அவருடைய பாடத்தில் ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் இப்படித்தான் நிற்பார். வண்டி போனதும் தூக்குவார்.

மருந்தோடு திரும்பி வந்த பெண்ணிடம், "அப்பா என்ன வேலை பாத்தார்?" என்று கேட்டார்.

"ரயில்வேதான் மாஸ்டர். வீடு பேசும்போதே சொன்னேனே."

சொல்லியிருந்தாள். ரயில்வே பென்ஷன் என்றதும் வாடகை ஒழுங்காக வரும் என்று மகிழ்ந்துபோய், மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைக் கொடுத்தவர் அவர்தான்.

"ரயில்வேல என்ன?"

"கேட் கீப்பர்" என்றவள் அப்படியே நின்றாள். அவள் பார்வை வேலியின் நடுவுக்குப் போனது, அப்பாவின் கைகளுக்கு வந்தது. "அவர் வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல மாஸ்டர். கேட் எங்கேயோ காட்டுக்குள்ள, நாங்க குவார்ட்டர்ஸ்ல. வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார், தூங்குவார், போயிடுவார். ஓடிப் போகப் பாக்கறார்னு திட்டிட்டேன். கையைக் கட்டிடுவேன்னு மிரட்டினேன்."

"அவர் ஓடவே இல்லம்மா. டூட்டியில இருக்கார்" என்றார் மாஸ்டர்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. தையலக்கா வலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அடப் பாவமே" என்றாள் மெதுவாக. "அதுக்குத்தான் பச்சைத் துணியா? ஒரு முழம் கிழிச்சுக் கொடுக்காம இத்தனை நாள் வாயடிச்சேனே."

அன்று சாயங்காலம் மாஸ்டர் சொன்ன யோசனையைக் கேட்டு வீட்டில் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓட்டையை அடைக்கப் போனவர் ஓட்டை போட்டுட்டு வரேன்றீங்க."

"ஓட்டை இல்ல. கேட்."

"தூக்கற கேட்டா? ஒத்தைக் கம்பு? அதுக்கு அடியில குனிஞ்சு ஒரு கோழிக்குஞ்சுகூடப் போயிடும். யானை வந்தாலும் அசையாதுன்னு பீத்திக்கிட்டீங்களே, அந்த வலை என்ன ஆச்சு?"

"நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. மூடின கேட்டுக்கு அடியில நுழையறவனைக் கண்டா கேட் கீப்பருக்கு எப்படி இருக்கும்? வேலைக்காலம் முழுக்க அவர் திட்டினதெல்லாம் அந்த மாதிரி ஆளுங்களைத்தானே. அவரே நுழைவாரா?"

மனைவி கரண்டியை மறுபடி எடுத்தாள். "நுழைஞ்சுட்டா?" என்று கேட்டாள்.

இல்லத்துக்கு அனுப்பினால் பெரியவர் பத்திரமாக இருப்பார், அதில் சந்தேகமே கிடையாது. இந்தக் கம்பை நம்பி அவரை இங்கே வைத்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? படுத்துப் புரண்டு யோசித்தார். வாழ்க்கையில் எத்தனையோ விஷயத்துக்குப் பிரேக் போட்டவர், இதற்கும் போட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த வேர்த்த நெற்றி கண்ணை விட்டுப் போகவில்லை.

காலையில் அந்தப் பெண்ணிடமே போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். தையலக்காவும் வேலியோரம் வந்து நின்றாள்.

"இது நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேம்மா. பரீட்சை பண்ணித்தான் பாக்கணும். வேணாம்னா வேணாம்."

அவள் பதில் சொல்லுமுன் தையலக்கா முந்திக்கொண்டாள். "என் வாசக் கேட்டுக்கு மேல ஒரு தாழ்ப்பாள் போடுங்க, அவருக்கு எட்டாத உயரத்துல. மணி ஒண்ணு கட்டுங்க. அப்புறம் அவர் இந்தப் பக்கமே வந்தாலும் என் முத்தத்துலதான் நிக்கணும். எனக்கும் லாபம்தான். அவருக்கு ஒரு டீ கொடுக்கணும்னாக்கூட தெருவைச் சுத்திட்டு வரேன். இனிமே நேரா வருவேன்ல."

பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணுங்க மாஸ்டர்" என்றாள்.

வெல்டருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. போன வாரம் பார்த்துப் பார்த்து இழுத்துக் கட்டிய வலையை அவனே வெட்ட வேண்டியிருந்தது. "கேட் உள்ளே திறக்கணுமா, வெளியே திறக்கணுமா?" என்று கேட்டான்.

"மேல திறக்கணும்" என்றார் மாஸ்டர்.

வெல்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் வேலையைக் கச்சிதமாகச் செய்தான். நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் போகிற அளவுக்கு வழி. இடதுபக்கத் தூணில் அச்சு. அதில் ஏறி இறங்குகிற நீளக் குழாய். அச்சுப் பக்க முனையில் கனத்துக்கு ஒரு பழைய இரும்புக் கட்டி, ஒரு விரலால் அழுத்தினாலும் அந்த முனை எழும்பும். மாஸ்டர் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் வாங்கி வந்து தானே பட்டை பட்டையாக அடித்தார். தையலக்கா பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, ஓரம் மடித்துத் தைத்துக் குச்சி கோத்துக் கொண்டுவந்தாள். கிழித்துக் கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாளாம். அப்புறம் மனசு கேட்கவில்லை.

பெரியவரிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. அவர் எழுந்து வந்தார். குழாயைத் தடவினார். அச்சில் எண்ணெய் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். ஒரு முறை ஏற்றினார், ஒரு முறை இறக்கினார். கொடிகளை வாங்கி, சிவப்பை ஒரு கையிலும் பச்சையை ஒரு கையிலும் சுருட்டி வைத்துக்கொண்டார். முக்காலியைத் தூக்கிவந்து கம்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அந்த ஞாயிறு முழுக்க நாலு பேரும் மறைந்திருந்து பார்த்தார்கள். மாஸ்டரின் மனைவிகூட, தான் சொன்னதுதான் நடக்கும் என்பதைப் பார்க்க வந்திருந்தாள். தூரத்தில் ரயில் ஊதும்போதெல்லாம் பெரியவர் கம்பை இறக்கிச் சிவப்பைக் காட்டினார். சத்தம் போனதும் ஏற்றிப் பச்சையைக் காட்டினார். திறந்த வழி அவருக்கு முன்னாலேயே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு காலடிகூட வைக்கவில்லை. நடுவில் பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று மூடிய கம்புக்கு அடியில் புகுந்து போனது. பெரியவர் அதைப் பிடித்துத் திட்டிய திட்டில் மாஸ்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்து முடித்து வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீங்க சொன்னதுதான்" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாஸ்டர் அந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை.

ஆனால் நாலு பேர் காவல் இருப்பது வேறு, விட்டுவிட்டுப் போவது வேறு. மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அச்சுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு மாஸ்டரும் வந்துவிட்டார். தையலக்காவின் முற்றத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார்.

தையலக்கா வீட்டு வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் கிட்டத்தில். லேப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கம்பை நோக்கி வேகமாக வந்தாள். நேரம் ஆகிவிட்டிருந்தது. முகத்தில் நேற்றைய தெளிவு இல்லை. போகலாமா, லீவு போட்டுவிடலாமா என்கிற தடுமாற்றம் நடையிலேயே தெரிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது.

கம்பு இறங்கியது. சிவப்புக் கொடி அவள் முன்னால் விரிந்தது.

"நில்லும்மா."

"நேரமாச்சு. நான் வேலைக்குப் போகணும்" என்றாள் அவள். அப்பா என்று சொல்லவில்லை. சொன்னால், யார் நீ என்று கேட்டுவிடுவாரோ என்கிற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

"எல்லாருக்கும் நேரமாச்சுதான். ஒரு நிமிஷத்துல குடியா முழுகிடும்?" பெரியவர் கொடியை அசைக்கவில்லை. கேட்டில் நின்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாரோ, அதே கண்டிப்பு. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன தெரிந்ததோ, குரல் இறங்கியது. "பயப்படறியா? பயப்படாதே. வண்டி போகட்டும், நானே தூக்கிவிடறேன். நான் இங்கதானே இருக்கேன். எங்க போயிடப் போறேன்?"

அவள் நின்றாள். மாஸ்டரும் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அந்தப் பக்கம் நின்றார். ரயில் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. சின்ன வயசில் ஒரு நாளாவது அப்பாவின் கேட்டைப் பார்க்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். அவ்வளவு தூரம் யார் கூட்டிப்போவது என்று யாரும் கூட்டிப்போகவில்லை. இப்போதுதான் பார்க்கிறாள்.

சத்தம் அடங்கியது. பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இரும்புக் கட்டியை அழுத்தினார். கம்பு எழும்பியது.

"போயிட்டு வரேன்ப்பா" என்றாள்.

"பத்திரமா போ" என்று பச்சைக் கொடியைக் காட்டினார் அவர்.

அவள் கம்பைத் தாண்டி, தையலக்காவின் முற்றத்தைத் தாண்டி, மேல் தாழ்ப்பாளைத் தூக்கித் தெருவில் இறங்கினாள். அங்கிருந்தே போனை எடுத்து, இடம் வேண்டாம் என்று இல்லத்துக்குச் சொன்னாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.